நாகமணி பி.ஜே.கே. நலமாக இருக்கிறார்

சுகுமாரன் கடைசியாகப் புரையேறச் சிரித்தது ஒரு லோரி விளம்பரத்தைப் பார்த்துத்தான். சனிக்கிழமைக் காலை. பசியாறி முடித்திருந்தார். சம்பல் ஒட்டிய வலது கையைப் பேப்பரில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரலில் வாசித்தார்.

“விற்பனைக்கு. பழைய லோரி. உடம்பு நல்ல நிலைமை. இஞ்சின் புதுசு. பிரேக் மட்டும் பார்க்கவும்.”

“யாரு பார்க்கணும்? வாங்குறவனா, எதிர்ல வர்றவனா?” என்றாள் மனைவி லோகேஸ்வரி அடுப்படியிலிருந்து.

அவருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த விளம்பரத்துக்குப் போனார். மணமகள் தேவை, குளிர் தாங்குபவராக இருக்க வேண்டும் என்று கம்போங் ராஜாவில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் ஒரு பாட்டம் சிரித்தார். பிறகு தொப்பியைத் தேடினார்.

“டவுனுக்குப் போறீங்கள்ல, சம்பலுக்குப் பெலாச்சான் தீர்ந்து போச்சு. வரும்போது வாங்கிட்டு வாங்க.”

“போன வாரம்தான் வாங்கினேன். நீ அத என்ன, துணி துவைக்கப் போடுறியா?”

மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள்.

தானா ராத்தா டவுனுக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் மூணாங்கட்டை வளைவில் அன்று பனி இறங்கியிருந்தது. கீழேயிருந்து ஏறி வந்த காய்கறி லோரிக்கு வழிவிட சுகுமாரன் மோட்டாரை ஓரம் கட்டினார். ஓரம் என்று அவர் நினைத்த இடத்தில் ஓரம் இல்லை. லோரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு, பள்ளத்தில் தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கியிருக்கிறான். லெம்பா பெர்த்தாம் பக்கத்துச் சீனப் பையன். போலீசிடமும் சொன்னான், ஆஸ்பத்திரியிலும் சொன்னான், சவத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டே மலாயில் அவளிடமும் சொன்னான்: பாக்சிக், அந்தப் பெரியவர், மெதுவாகத்தான் வந்தார், எனக்கு வழிவிடத்தான் ஒதுங்கினார்.

அவன் சொன்னது தோட்டத்துக்குள் ஏறவில்லை. தோட்டத்தில் வேறொன்று ஏறியது. ஆபீஸ் கிராணி சுகுமாரன் காலையிலேயே சம்சு சாராயம் போட்டுவிட்டு மோட்டார் ஓட்டினாராம். கிளப்பிவிட்டது கடைசி லைன் வீட்டு வடிவம்மாள் என்று பேச்சு. அவளைக் கேட்டால் அவளும் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டாள். சுகுமாரன் கல்யாண வீட்டில் கொடுக்கும் பீரைக்கூட வாங்கி, பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுகிற மனிதர். முப்பது வருஷம் அந்தத் தோட்டத்துச் சம்பளக் கணக்கைப் பார்த்தவர். ஒரு வாசனைகூட அவர்மேல் யாரும் பிடித்ததில்லை. செத்த பிறகு இரண்டு நாளில் அவரைக் குடிகாரர் ஆக்கிவிட்டார்கள்.

சவ அடக்கத்துக்கு நாகமணி பி.ஜே.கே. வந்திருந்தார். மலைநாட்டுத் தமிழர் நலச்சங்கத் தலைவர். பெயரோடு அந்த மூன்று எழுத்துப் பட்டத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். படம் எடுக்க ஓர் ஆளையும் கூட்டிவந்திருந்தார். சவத்துக்கு மாலை போட்டார். படத்தில் முகம் சரியாக விழவில்லை என்று அந்த ஆள் சைகை காட்ட, போட்ட மாலையை எடுத்து மறுபடியும் போட்டார். லோகேஸ்வரி தலைமாட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ‘பார்த்தியா கூத்த’ என்று சொல்ல வேண்டியவர் மாலைக்குக் கீழே படுத்திருந்தார்.

அந்த வளைவுக்கும் நாகமணிக்கும் பழைய சம்பந்தம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்பு அங்கே தடுப்புக் கம்பி போடப்போவதாக அடிக்கல் நாட்டியவர் அவர்தான். பந்தல் போட்டார்கள், நாதஸ்வரம் வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிற்கவைத்து வரவேற்புப் பாட்டுப் பாடவைத்தார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் லோகேஸ்வரி டீச்சர். படத்துக்கு வெறும் கல் மட்டும் இருந்தால் எடுப்பாக இருக்காது என்று இரும்புக்கடையிலிருந்து இரண்டு தூணும் ஒரு கம்பியும் வரவழைத்து ஓரத்தில் நட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவற்றை அதே லோரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். ‘பணிகள் விரைவில் தொடங்கும்’ என்று பேப்பரில் வந்தது.

பேப்பர் என்றால் ‘குளிர்மலைச் செய்தி’. வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை வரும். தானா ராத்தாவில் கமருஸ்ஸமான் பாய் நடத்துகிறார். கீழே ரொட்டி சானாய்க் கடை, மேல்மாடியில் செய்தி. எட்டுப் பக்கத்தில் செய்தி என்று பார்த்தால் ஒரு பக்கம் தேறாது. மிச்சமெல்லாம் வாடகைக்கு வீடு, காணாமல் போன நாய், திருவிழா உபயம், பூப்புனித நீராட்டு, நினைவஞ்சலி. பாதிப் பக்கத்துக்குக் குறையாமல் வாரா வாரம் நாகமணி பி.ஜே.கே. இருப்பார். தீபாவளிக்கு வாழ்த்துவார், நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்துவார், தன் பிறந்தநாளுக்குச் சங்கத்தின் பெயரில் தன்னையே வாழ்த்துவார். எல்லாவற்றுக்கும் ஒரே படம்தான். கோட்டு, பதக்கம், பல் தெரியும் சிரிப்பு. யாராவது செத்தாலும் அதே படம். சுற்றிலும் கறுப்புக் கட்டம் மட்டும் வரும். செத்தவரின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கும். சுகுமாரன் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதுபோல் நடித்து, ‘இதுல பொணம் எதும்மா?’ என்று கேட்பார்.

அடக்கம் முடிந்த மறுநாளே லோகேஸ்வரி பேப்பர் ஆபீஸுக்குப் போனாள். பதினாறு முடியாமல் படி தாண்டிவிட்டாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்றுதான் போனாள்.

“வாங்க டீச்சர், உட்காருங்க” என்று கமருஸ்ஸமான் எழுந்து நின்றார். சுகுமாரன் டவுனுக்கு வந்தால் அவர் கடையில்தான் சாப்பிடுவார். “சூடா ஒரு கோப்பை தே போடச் சொல்லவா?”

“வேணாம் பாய். இதப் போடணும்.”

நாலு வரிதான். பெயர், வயது, அடக்கம் செய்த இடம். பிறகு: மூணாங்கட்டை வளைவில் தடுப்புக் கம்பி இல்லாத ஓரத்தில் பள்ளத்தில் விழுந்து காலமானார். கமருஸ்ஸமான் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“எல்லாம் சரிதான் டீச்சர். இந்தக் கம்பி மட்டும்…”

“கம்பி இல்ல பாய். அதத்தான் எழுதியிருக்கேன்.”

“இறைவனடி சேர்ந்தார்னு போட்டுருவோம்லா. மரியாதையா இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்.”

“எல்லாரையும் செத்த பிறகு குடிகாரன்னு சொல்லல. இவரச் சொல்றாங்க. எப்படிச் செத்தாருன்னு ஊருக்குத் தெரியணும்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நாகமணி ஐயா கோவிச்சுக்குவாரு டீச்சர். அவரு வாழ்த்து நின்னா என் பேப்பர் நின்னுரும். நான் மறைக்கல, உங்ககிட்ட நேராவே சொல்லிட்டேன்.”

லோகேஸ்வரி தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். “அப்படின்னா ஒன்னும் போட வேணாம்.”

அன்று மாலை பாயின் மகள் நஜ்வாவிடமிருந்து வாட்சப் வந்தது. பேப்பரைக் கணினியில் பக்கம் கட்டுகிறவள் அவள்தான். ‘ஆண்டி, அங்கிள் போட்டோ ஒன்னு அனுப்புங்க, நாகமணி சாரோட அனுதாபத்துக்கு வேணும்.’ லோகேஸ்வரி பார்த்தாள், பதில் போடவில்லை. அந்த மூலையில், அந்தத் தபால்தலைக்குள், அவரை உட்காரவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். வேறு கணக்கு ஒன்றும் அவள் போடவில்லை. பின்னால் நடந்ததற்கு அவளைப் பொறுப்பாக்க முடியாது.

படம் கிடைக்கவில்லை என்று நஜ்வா நாகமணியிடமே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

“என் படம் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்னம்மா? அந்த எடத்தையும் சேர்த்து என்னயப் பெருசாப் போட்டுரு.”

நஜ்வா சொன்னதைச் செய்கிற பெண். போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை பேப்பர் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கறுப்புக் கட்டத்துக்குள் கோட்டும் பதக்கமும் சிரிப்புமாக ஒரே ஒரு படம். கீழே ‘மக்கள் தொண்டர், சமுதாயக் காவலர் நாகமணி பி.ஜே.கே.’ அதற்கும் கீழே, பேப்பர் மடிகிற இடத்தில், சுகுமாரன் மறைவுக்கு அனுதாபம் என்று இரண்டு வரி எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. அதுவரை யார் வாசித்தார்கள்? நாகமணி விளம்பரத்தில் படத்துக்குக் கீழே இருப்பதை யாரும் என்றைக்கும் வாசித்ததில்லை. அவரும் அதற்காகப் போடுவதில்லை.

பசியாறும் நேரத்துக்குள் நாகமணி செத்த செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. கம்போங் ராஜாவிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து அவர் வீட்டு வாசலில் இறங்கும்போதே ஒப்பாரியைத் தொடங்கினார்கள். பந்தல்காரர் சொல்லாமலே நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பெரிய இடம், பிறகு பில் அனுப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. சத்தம் கேட்டு நாகமணி கைலியோடு, வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். முன்னால் நின்ற அம்மாள் அவரைப் பார்த்து மயங்கி விழுந்தாள். பின்னால் நின்றவர்கள் அவருடைய தம்பி என்று நினைத்து, கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

“நான்தான்லா நாகமணி! நான் சாகல!”

“அழுதுருங்க தம்பி. அடக்கக் கூடாது” என்றார் ஒரு பெரியவர்.

‘நாகமணி பி.ஜே.கே. நலமாக இருக்கிறார்’ என்று சங்கத்திலிருந்து வாட்சப்பில் ஓர் அறிவிப்பு விட்டார்கள். அது இன்னும் மோசமாகப் போனது. நலமாக இருக்கிற மனிதரைப் பற்றி யார் இப்படி அறிவிப்பு விடுவார்கள்? ஆஸ்பத்திரியில் மிஷினில் வைத்திருக்கிறார்கள், சங்கத் தேர்தல் முடியும்வரை சொல்ல மாட்டார்கள் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். சங்கத்தின் துணைத்தலைவர் தானே வந்து நாகமணியை நேரில் பார்த்துவிட்டுப் போனார். இருந்தாலும் காலியான தலைவர் பதவி குறித்து ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் என்று அறிவித்தார். உறுப்பினர்கள் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள், கூட்டத்தை நிறுத்த முடியாது என்று காரணம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு கமருஸ்ஸமானும், அவர் பின்னால் நாகமணியும் லோகேஸ்வரியின் குவாட்டர்ஸுக்கு வந்தார்கள். நாகமணி கோட்டுப் போட்டிருந்தார். உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். ஹாலில் சுகுமாரன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

“டீச்சர், நீங்கதான் உதவணும். பாய் நாளைக்கே ரெண்டு பக்கத்துக்குத் தனியா ஒன்னு அடிச்சுத் தர்றேங்கிறாரு. செத்தது உங்க வீட்டுக்காரர்னு நீங்க கையெழுத்துப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான்.”

“உங்க அறிவிப்ப எப்பவுமே எல்லாரும் நம்புவாங்களே சார்” என்றாள் லோகேஸ்வரி.

கமருஸ்ஸமான் கூரையைப் பார்த்தார்.

“கஷ்ட காலத்துல கேலி பண்ணாதீங்க டீச்சர்.”

“யாருக்குக் கஷ்ட காலம்?”

அவள் எழுந்து உள்ளே போய், பைக்குள் மடித்து வைத்திருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தும் தனியாக நின்றது. கொண்டுவந்து கொடுத்தாள். நாகமணி உரக்க வாசித்தார்.

“சென்ற இதழில் படம் வந்த நாகமணி பி.ஜே.கே. இறக்கவில்லை. அவர் நலமாக இருக்கிறார். இறந்தவர் என் கணவர் சுகுமாரன். அவர் குடிப்பழக்கம் இல்லாதவர். நாகமணி பி.ஜே.கே. தடுப்புக் கம்பிக்கு அடிக்கல் நாட்டிய மூணாங்கட்டை வளைவில், கம்பி இல்லாத ஓரத்தில், லோரிக்கு வழிவிடும்போது பள்ளத்தில் விழுந்து இறந்தார். இப்படிக்கு, லோகேஸ்வரி, ஆசிரியை.”

தன் பெயர் இரண்டு தடவை வந்ததில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு கடைசி வரி உறைத்தது.

“அடிக்கல் நாட்டினது இருக்கட்டும் டீச்சர், அது நல்லாருக்கு. அந்தக் ‘கம்பி இல்லாத’ எதுக்கு? ‘விரைவில் கம்பி அமையவிருக்கும் வளைவில்’னு போடலாம்லா. படிக்கிறவங்களுக்கும் ஒரு நம்பிக்கையா இருக்கும்.”

“விரைவில்னு அன்னிக்கே போட்டாச்சு. நான் பாட்டுகூடச் சொல்லிக் கொடுத்தேன்.”

“நிதி வரல டீச்சர். மேல எழுதிக் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு தலைவன் கஷ்டம் வெளிய இருக்கிறவங்களுக்குப் புரியாது.”

“புரியுது சார். ஒரு வார்த்தை மாத்தினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஒங்களுக்குப் பதினாறாம் நாள் என்னிக்குன்னு ஊர்ல கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்.”

நாகமணி தாளை மடியில் வைத்துக்கொண்டு கமருஸ்ஸமானைப் பார்த்தார். பேப்பர் பிழைக்க வேண்டுமே என்று பாய் தன் பக்கம் பேசுவார் என எதிர்பார்த்தார். கமருஸ்ஸமான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, தொணைத்தலைவரு இன்னிக்கிக் காலையில எனக்குப் போன் போட்டாரு” என்றார் மெதுவாக. “புதுத் தலைவருக்கு வாழ்த்துச் சொல்ல அரைப் பக்கம் எடம் கேட்டாரு. அவரு படம்கூட அனுப்பிட்டாரு. கோட்டெல்லாம் போட்டுத்தான்.”

“எந்தக் கோட்டு?”

“நீலக் கோட்டு. நல்லாத்தான் இருக்கு.”

நாகமணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து லோகேஸ்வரியிடம் நீட்டினார்.

“போடுங்க டீச்சர். என் படம் கலர்ல வரணும் பாய். கறுப்புக் கட்டம் வேணாம்.”

“சார் படம் ஓரத்துல வரட்டும்” என்றாள் லோகேஸ்வரி. சுகுமாரனின் படத்தை அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். சட்டையின் மேல் பொத்தான் போடாமல், எதையோ பார்த்துச் சிரிக்கப் போகிற முகம். அந்தப் படத்தை எடுத்தவள் அவள்தான். எதற்காகச் சிரித்தார் என்பது நினைவில் இல்லை.

மறுநாள் வந்த பேப்பரில் சுகுமாரன் கால் பக்கத்துக்கு இருந்தார். நாகமணி தபால்தலைக்குள் கலரில் இருந்தார். அதற்கு நஜ்வா காரணமா, அவள் அப்பா காரணமா என்று லோகேஸ்வரி கேட்கவில்லை. கீழே எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மலைநாட்டில் முதல் தடவையாக ஒரு விளம்பரத்தைப் படத்துக்குக் கீழேயும் வாசித்தார்கள். செத்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே.

சாயங்காலம் வடிவம்மாள் பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். வாசற்படியிலேயே நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“பார்த்தீங்களா டீச்சரம்மா. நான் அன்னிக்கே சொன்னேன், கிராணி ஐயா அதத் தொடக்கூட மாட்டாருன்னு. எவ கேட்டா?”

“உள்ள வாங்க” என்றாள் லோகேஸ்வரி. “தே போடுறேன்.”

வடிவம்மாள் இரண்டு கோப்பை குடித்தாள். லோரிக்காரப் பையனுக்கும் பேப்பரைக் காட்ட வேண்டும் என்றாள். அவனுக்குத் தமிழ் தெரியாது என்பது பிறகு நினைவுக்கு வந்தது. போகும்போது நாகமணியைக் கண்டபடி திட்டினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் போய், அவருக்குக் கைதட்டிவிட்டு வந்தாள். நாகமணிதான் மறுபடியும் தலைவர். செத்துப் பிழைத்தவருக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. நீலக் கோட்டுக்காரர் முன்மொழிந்தார்.

அடுத்த வியாழக்கிழமை பேப்பரில் நாகமணி முழுப் பக்கத்துக்கு இருந்தார். தம் மறைவுக்குக் கண்ணீர் விட்ட அனைத்து நல்லுள்ளங்களுக்கும் நன்றி சொல்லியிருந்தார். கீழே, மூணாங்கட்டை வளைவில் தடுப்புக் கம்பிக்கு இரண்டாவது அடிக்கல் நாட்டு விழா, அனைவரும் வருக என்று இருந்தது. கம்பிக்கு ‘கிராணி சுகுமாரன் நினைவுத் தடுப்பு’ என்று பெயர் வைக்கப்படுமாம். வரவேற்புப் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து தரும்படி தலைமையாசிரியை வழியாக லோகேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். தொண்டை சரியில்லை என்று திருப்பிச் சொல்லி அனுப்பினாள். பாட்டு வேறு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். கல் நட்டார்கள். படம் எடுத்தார்கள். தூண் வந்தது, தூண் போனது.

அந்த வார விளம்பரங்களை லோகேஸ்வரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்க வாசித்துப் பார்த்தாள். அவர் குரல் வரவில்லை. இரண்டாவது விளம்பரத்தோடு நிறுத்திவிட்டுப் பேப்பரை மடித்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூட வேலையைத் திரும்ப ஒப்புக்கொண்டாள். டவுனில் இருந்து பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் காலையில் பனிக்குள்ளிருந்து முதலில் வெறும் சத்தமாகத்தான் வரும். மூணாங்கட்டை வளைவில் அது இன்றைக்கும் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புகிறது.